மூன்று வருடமாக அதே 4,500: டேகேர் ஃபீஸை ஏற்றலாமா?

கேள்வி, 3 மார்ச் 2025

தாம்பரம் பக்கத்தில் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். ஆறு பிள்ளைகள். சாப்பாடு, பால் எல்லாம் சேர்த்து மாதம் 4,500. 2022-இல் தொடங்கியபோது வைத்த ஃபீஸ், இன்னும் அதேதான். ஒவ்வொரு மாதமும் ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்றாம் தேதி ஜிபேயில் போட்டுவிட்டு "போட்டுட்டேன் ஆன்ட்டி" என்று அந்த அம்மாக்கள் சிரிக்கும்போது பேச்சு வருவதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் 4,000-க்கே பார்க்கிறார். ஏற்றினால் எல்லோரும் அங்கே போய்விட மாட்டார்களா? எவ்வளவு ஏற்றுவது, எப்படிச் சொல்வது?

பதில், 4 மார்ச், காலை

ஏற்றுங்கள். எவ்வளவு, எப்படி என்பதை அப்புறம் பேசலாம்.

பள்ளிக்கரணையில் ஒன்பது வருடமாக நடத்துகிறேன். 2016 ஜூனில் முதல் பிள்ளையோடு வந்த பெண் "எவ்வளவு ஆன்ட்டி?" என்றாள். முந்தின ராத்திரி 3,500 என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வாயில் வந்தது 2,500. ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். அவள் சரி என்ற வேகத்திலேயே நான் ஏமாந்தது தெரிந்துவிட்டது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானேதான். அந்த 2,500-ஐ 3,500 ஆக்க எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

இரண்டு தெரு தள்ளி 4,000 என்கிறீர்கள். அங்கே எத்தனை பிள்ளைகள்? சாப்பாடு அவர்கள் சமைக்கிறார்களா, வீட்டிலிருந்து டப்பா வருகிறதா? எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துகிறார்கள்? எங்கள் பக்கத்திலும் ஒருவர் என்னைவிட 1,000 குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால்தான் தெரிந்தது, பதினாறு பிள்ளைகள், ஒரே ஆயா, மத்தியானம் மூன்று மணி நேரம் டிவி. பதினாறை அவர் ஃபீஸால் பெருக்கிப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

4 மார்ச், இரவு

"முதலில் கணக்குப் போடுங்கள்" என்று சொல்ல வந்தேன். ஊருக்குச் சொல்வதற்கு முன் நாமே போடுவோம் என்று நோட்டை எடுத்தேன்.

என்னிடம் இப்போது ஏழு பேர். முழுநாள் ஐந்து பேர், ஆளுக்கு 6,500. ஸ்கூல் விட்டு வருகிறவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு 3,500. மொத்தம் 39,500.

செலவு: ஆயாவுக்கு 11,000. மளிகை, காய், பழம், முட்டை 6,500. ஆவின் பச்சைப் பாக்கெட் தினம் இரண்டு, 44 ரூபாய், 24 நாளைக்கு 1,056. சிலிண்டர் 818. கரண்ட் இரண்டு மாத பில்லைப் பாதியாக்கினால் 1,600. தண்ணீர் கேன் 400. ஃபினாயில், சோப்பு, டிஷ்யூ 900. பாய், பொம்மை, கிரேயான் 500. கேமராவுக்கான இன்டர்நெட் 700. கூட்டினால் 23,474.

மிச்சம் 16,026. பரவாயில்லையே என்றுதான் தோன்றியது. காலை எட்டரைக்குத் திறந்து ராத்திரி ஏழரைக்குச் சாத்துகிறேன். 11 மணி நேரம், மாதம் 24 நாள், 264 மணி நேரம். மணிக்கு 61 ரூபாய்.

என் ஆயா எட்டு மணி நேரம் இருக்கிறாள். அவளுக்கு மணிக்கு 57 வருகிறது. டேகேர் முதலாளிக்கும் ஆயாவுக்கும் 4 ரூபாய் வித்தியாசம்.

6 மார்ச்

கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவர் கமெண்ட்டில் கேட்டிருக்கிறார்: "வாடகை எங்கே?" சொந்த வீடு, அதனால் போடவில்லை. அவர் விடவில்லை. "கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வரும்?" எங்கள் தெருவில் இந்த அளவு போர்ஷன் 14,000 போகிறது.

16,026-இல் 14,000 போனால் 2,026. அதை 264-ஆல் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய் 67 காசு. இதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "டீக்கடையில் நின்னா டீயும் கிடைக்கும்" என்றார்.

6 மார்ச், கொஞ்சம் கழித்து

14,000 முழுதாகப் போட்டதும் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. டேகேர் இல்லாவிட்டாலும் நாங்கள் கீழே வாடகைக்கு விட்டிருக்க மாட்டோம். மாமியார் இருந்தவரை அவர் அறை அது. சனி மாலைக்கு மேல் நாங்களும் புழங்குகிறோம். பாதியாக 7,000 போடுகிறேன். மணிக்கு 34 ரூபாய். 61-க்கும் இல்லாமல் 7-க்கும் இல்லாமல் நடுவில். கேள்வி கேட்டவர் வாடகை வீட்டில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது, டேகேருக்கு விட்ட அறைக்கு எவ்வளவு பங்கோ அதை முழுசாகப் போட வேண்டும்.

7 மார்ச்

"நிறைய மனசு, கொஞ்சம் பணம், அதுதான் இந்தத் தொழில்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனசு இருக்கிறது சார். காய்கறிக்காரரிடம் அதைக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்.

11 மார்ச்

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஃபீஸா என்று கேட்டீர்கள். கூடாது. நான் பல வருடம் அப்படி வாங்கி அடிபட்டவள்.

2017-இல் சட்டம் திருத்தி பிரசவ விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். நல்ல விஷயம். நமக்கு அதனால் என்னவென்றால், அம்மா வேலைக்குத் திரும்பும் நாளில் பிள்ளைக்கு ஆறு மாதம். அந்த 26-இல் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டவர் என்றால், நாலு மாதம் முடிந்த கையோடு தூக்கிக்கொண்டு வருவார். குப்புற விழக்கூட இன்னும் சரியாகத் தெரியாத பிள்ளை.

மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு நான் செலவழிப்பது சோறு ஊட்டும் நேரம், கால் கழுவிவிடும் நேரம், சண்டை தீர்க்கும் நேரம். ஆறு மாதப் பிள்ளைக்கு அப்படி இல்லை. போன வருடம் ஒன்று வந்தது. காலையில் அம்மா ஐஸ் பையில் நான்கு சின்ன டப்பா தாய்ப்பால் கொடுப்பாள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் தேதியும் மணியும் எழுதியிருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பாலாடைச் சங்கில் எடுத்துக் கொடுக்க வேண்டும். பாட்டிலைக் கண்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 90 மில்லி இறங்க முக்கால் மணி நேரம். அப்புறம் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை ஹாலில் நடை. ஏப்பத்தோடு பாதிப் பால் என் முதுகில் வந்துவிடும். அதற்குள் அடுத்த டப்பாவுக்கு நேரம் ஆகிவிடும். அந்த ஒரு பிள்ளை இருந்த எட்டு மாதமும் வேறு இரண்டு பேரைச் சேர்க்க முடியாமல் திருப்பி அனுப்பினேன்.

வாங்கியது? மற்றவர்களைப் போலவே 6,000. அன்றைக்கு அதுதான் ஃபீஸ்.

இப்போது ஒரு வயதுக்குக் கீழ் என்றால் 9,000, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிள்ளை. கேட்கிறவர்கள் முதலில் அதிர்ச்சியாகிறார்கள். ஏன் என்று பால் டப்பா கணக்கைச் சொன்னால் அம்மாக்கள் மறு பேச்சுப் பேசுவதில்லை. அப்பாக்கள்தான் "குட்டிப் பாப்பா என்ன சாப்பிடப் போகுது, கம்மிதானே ஆகணும்?" என்கிறார்கள்.

15 மார்ச்

லேட்டாக வந்து கூட்டிப் போகிறவர்களுக்கு அபராதம் போடலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

நான் போட்டுப் பார்த்தேன், 2019-இல். ஆறு மணிக்கு மேல் அரை மணிக்கு 50 ரூபாய். அதுவரை லேட்டாக வருகிறவர்கள் ஓலா ஆட்டோவில் இருந்தே போன் பண்ணி "சாரி ஆன்ட்டி, சிக்னல்ல நிக்கிறேன் ஆன்ட்டி" என்று பதறுவார்கள். 50 ரூபாய் போட்ட பிறகு பதற்றம் போயிற்று. ஏழே காலுக்கு நிதானமாக வந்து, மளிகைப் பையைக் கீழே வைத்து, "நூறு ரூபாயா? போட்டுடறேன்." அவ்வளவுதான். என் சாயங்காலத்தை 50 ரூபாய்க்கு வாங்கிவிட்டார்கள்.

இது என் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் காப்பகங்களில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள் என்று என் மகன் காட்டினான். 2000-இல் வெளியானது. பத்துக் காப்பகத்தில் ஆறில் அபராதம் போட்டார்கள், தாமதமாக வருகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழையபடி குறையவில்லை. படித்ததும் ஒரு ஆறுதல்.

லேட் என்றால் என்ன என்பதைப் பிள்ளையிடம் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு ஷூ மாட்டி, பையைத் தோளில் போட்டு, வாசல்படியில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்கூட்டி சத்தத்துக்கும் எழுந்து நிற்கும். வேறு யாரோ என்று தெரிந்ததும் உட்காரும். ஆறரைக்கு ஷூவைக் கழற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டும். கழற்றினால் அம்மா வர மாட்டாள் என்று அதற்கு ஒரு கணக்கு.

அப்புறம் அபராதத்தைத் தூக்கிவிட்டு ஃபீஸையே இரண்டாகப் பிரித்தேன். ஆறு மணி வரை ஒரு ஃபீஸ். ஏழரை வரை வேண்டுமென்றால் மாதம் 1,000 கூடுதல், வந்தாலும் வராவிட்டாலும். ஏழரைக்காரர்களுக்கு மாலை தோசையோ உப்புமாவோ உண்டு, ஷூ போட்டு உட்கார வைப்பதில்லை. முதல் மாதம் எல்லோரும் ஏழரை என்றார்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் இரண்டு பேர்தான் ஏழரை. மீதிப் பேருக்கு ஆறு மணிக்கு வர முடிந்திருக்கிறது! அதற்கு முன் அத்தனை வருடம் என்ன சிக்னலில் நின்றார்களோ.

கேள்வி கேட்டவருக்கு என் உண்மையான பதில் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 4,500-ஐ 5,500 ஆக்குவதற்கு முன், அந்த 4,500 எத்தனை மணி வரைக்கும் என்று எழுதி ஒட்டுங்கள்.

15 மார்ச், இரவு

மானம் போயிற்று. மேலே 4-ஆம் தேதி போட்ட கணக்கில் இந்த ஏழரை மணிப் பணத்தை விட்டுவிட்டேன். இரண்டு பேர், 2,000. மிச்சம் 18,026. பாதி வாடகை கழித்தால் மணிக்கு 42 ரூபாய் வருகிறது. 34 இல்லை. ஒன்பது வருடம் நடத்துகிறவளுக்கே தன் வருமானம் தெரியவில்லை என்று சிரிக்கலாம், நான் சிரித்துவிட்டேன்.

16 மார்ச்

இன்னொன்றும் விட்டுவிட்டேன், ஏப்ரல் மே. அது பெரிய விஷயம், தனியாக எழுதுகிறேன்.

9 ஏப்ரல்

நேற்று சிலிண்டர் 50 ரூபாய் ஏறியது. சென்னையில் 818.50 இருந்தது 868.50. உடனே இரண்டு பேர், "இதைச் சொல்லி ஏற்றிவிடுங்கள்" என்கிறார்கள்.

வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் அரை லிட்டர் 24-லிருந்து 30 ஆனது. அப்போது நான் ஆரஞ்சுதான் வாங்கிக்கொண்டிருந்தேன். பால் விலை ஏறிவிட்டது, அதனால் மாதம் 500 ஏற்றுகிறேன் என்று குரூப்பில் போட்டேன். ஒரு அப்பா, கணக்குப் பார்க்கிறவர் போலிருக்கிறது, பதில் போட்டார்: "ஆன்ட்டி, பிள்ளை ஒரு நாளைக்கு 200 மில்லி குடிக்கிறான். 24 நாளைக்கு 4.8 லிட்டர். லிட்டருக்கு 12 ரூபாய் ஏற்றம். 57 ரூபாய் 60 காசு வருது. மிச்சம் 442.40 எதுக்கு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பதில் என்னிடம் இருந்தது, ஆயா சம்பளம், என் முதுகுவலி, நான்கு வருடமாகப் போடாத ஏற்றம். ஆனால் நான் பாலைச் சொல்லிவிட்டேனே. அந்த மாதம் 500 ஏறவில்லை, 100 ஏறியது. நானும் பச்சைப் பாக்கெட்டுக்கு மாறினேன்.

சிலிண்டருக்கும் அதே கதிதான். மாதம் ஒரு சிலிண்டர், 50 ரூபாய், ஏழு பிள்ளை, ஆளுக்கு 7 ரூபாய் சொச்சம். ஏற்றத்துக்குக் காரணமே சொல்லாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பொருளின் விலையைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

12 ஏப்ரல்

"எப்படிச் சொல்வது" என்பதற்கு வருகிறேன். நான் முதன்முதலில் எழுதிய மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. "தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கே கஷ்டமாதான் இருக்கு, வேற வழி இல்லாம" என்று தொடங்கி பதினான்கு வரி. படிக்கிறவர்களுக்கு ஃபீஸ் ஏறியதா, எனக்கு உடம்பு சரியில்லையா என்றே புரிந்திருக்காது. ஒருத்தி "டேக் கேர் ஆன்ட்டி" என்று பதில் போட்டாள்.

போன வருடம் அனுப்பியது இது: "ஜூன் 1 முதல் முழுநாள் ஃபீஸ் 6,500 (இப்போது 6,000). மாலை 6 மணி வரை, காலை டிபன், மதிய சாப்பாடு, மாலைப் பால் சேர்த்து. 7.30 வரை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கம்போல் 1,000 கூடுதல். அடுத்த ஏற்றம் ஒரு வருடத்துக்கு இல்லை." ஏப்ரல் முதல் வாரமே அனுப்பிவிட்டேன். ஜூனில் ஸ்கூல் மாற்றுகிறவர்கள், வீடு மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஏப்ரலில்தான் யோசிப்பார்கள்.

குரூப்பில் போடாதீர்கள். ஆளுக்கு ஆள் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் ஒருவர் "டூ மச்" என்று போட்டால் அதுவரை சும்மா இருந்த மூன்று பேருக்கும் டூ மச் ஆகிவிடும். அதே மெசேஜ் தனியாகப் போனால் எல்லோரிடமிருந்தும் ஒரு கட்டைவிரல்.

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போங்கள். நான் அப்படித்தான். ஒரு குக்கரைப் பத்து நிமிஷம் தேய்த்தேன்.

20 ஏப்ரல்

ஏப்ரல் மே விஷயம்.

பரீட்சை முடிந்ததும் மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். சின்னதும் கூடவே போகும். மதுரை, திருநெல்வேலி, விஜயவாடா. "ஒரு மாசம் வர மாட்டான் ஆன்ட்டி, ஃபீஸ் எப்படி?" இந்த "எப்படி"க்கு அர்த்தம், தர வேண்டாம்தானே என்பது. ஆயா ஊருக்குப் போவதில்லை. வாடகை வீட்டில் நடத்துகிறவர்களுக்கு வாடகையும் ஊருக்குப் போவதில்லை. நான் ஊருக்குப் போயே நாலு வருடம் ஆகிறது.

முதலில் ஒன்றும் வாங்காமல் இருந்தேன். மே மாதம் கையிலிருந்து ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தேன். அப்புறம் பாதி என்று வைத்தேன், இடத்தைப் பிடித்து வைக்கிற காசு. வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் பாதி, அதற்கு மேல் முழுசு. சேர்க்கிற நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். தாள் என்றால் பெரிய பத்திரம் இல்லை, கோடு போட்ட நோட்டில் கிழித்த பக்கம்.

ஆக என் மாதக் கணக்கு நிறைந்த மாதத்துக் கணக்கு. இந்த ஓட்டைகளையும் சேர்த்தால் 42 இன்னும் இறங்கும். எவ்வளவு என்று போட்டுப் பார்க்கவில்லை. போடவும் மாட்டேன்.

21 ஏப்ரல்

"நாமே மூடினால் ஃபீஸ் வாங்கலாமா?" நல்ல கேள்வி, வாங்கக் கூடாது என்று பட்டென்று சொல்ல வந்தேன், 2023 டிசம்பர் ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல். நாலாம் தேதி மழை எங்கள் பக்கத்தை ஏரியாக்கிவிட்டது. தண்ணீர் இரண்டாவது படி வரை. தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. ஒன்பது நாள் மூடிக் கிடந்தது. திறந்ததும் பாயெல்லாம் புதுசு வாங்கினேன்.

ஒன்பது நாளுக்குக் கழித்துக்கொள்ளட்டுமா என்று நானே கேட்டேன். ஐந்தில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் கழித்தார். ஒருவர் கழிக்கவும் இல்லை, பேசவும் இல்லை, இரண்டு கோரைப் பாய் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். கழித்தவர் மேலும் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்.

அப்போதிருந்து விதி: நானாக மூடினால் ஐந்து நாள் வரை கழிப்பு இல்லை, அதற்கு மேல் பாதி. எனக்கு காய்ச்சல் வந்தால், அந்த வீட்டுக் கல்யாணம் இந்த வீட்டு எழவு என்றால், எல்லாம் அந்த ஐந்துக்குள்.

2 மே

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஏப்ரலில் சொல்லிவிட்டாராம், ஜூனிலிருந்து 5,500, ஆறரை வரை. ஆறில் ஐந்து பேர் சரி. ஒருவர் போகிறார். "போகிறவர் நல்ல அம்மா, அதுதான் வருத்தம்" என்கிறார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வாழ்த்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கும் ஒன்று உண்டு.

2021 கடைசியில் டேகேரை மறுபடி திறந்தபோது வந்த பெண். தனி ஆள், புருஷன் இல்லை, ஜவுளிக்கடையில் வேலை, சம்பளம் 13,000. பெண் குழந்தை, இரண்டு வயது. 4,000 கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மற்றவர்களுக்கு 5,000 ஆக்கியபோது அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவளிடமும் ஒன்றும் பேசவில்லை, 4,000 வந்தது, வாங்கிக்கொண்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பு எனக்கு.

ஒரு நாள் ஆறு மணிக்கு கேட் பக்கத்தில் இரண்டு அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐடி கம்பெனிக்காரி "இங்க அஞ்சாயிரம் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா ஆன்ட்டி நல்லா பாத்துக்கறாங்க" என்றாள். இவள் "நாலுதானே?" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கையில் வைத்திருந்த வாட்டர் பாட்டிலுக்கு மூடி தேடினேன்.

ஐடிக்காரி கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வந்தது இவளுக்கு. மறுநாள் 5,000 போட்டாள். அந்த மாதக் கடைசியில் பிள்ளையை நிறுத்திவிட்டாள். அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டதாகச் சொன்னாள். உண்மையாகவும் இருக்கலாம்.

குறைத்து வாங்கினது தப்பா? இல்லை. அவளிடம் சொல்லாமல் குறைத்ததுதான். தன்னைப் பாவம் பார்த்திருக்கிறார்கள் என்று வாசலில் நின்று இன்னொருத்தி மூலம் தெரிந்தது அவளுக்கு. இப்போது யாருக்காவது குறைக்க வேண்டுமென்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை மாதத்துக்கு இவ்வளவு, சனிக்கிழமை நீங்கள் வந்து இரண்டு மணி நேரம் காய் நறுக்கிக் கொடுத்தால் சந்தோஷம். ஒருத்தி வந்தாள். என்னைவிட வேகமாக நறுக்குவாள்.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது ஆறு வயது இருக்கும்.

16 ஜூன்

ஜிஎஸ்டி பயம் காட்டுகிறவர்களுக்கு: சேவைக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். நமக்கு அந்தப் பயம் வருகிற நாளில் எல்லோருக்கும் மைசூர்பா தருகிறேன்.

ரசீது புத்தகம் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளில் டேகேர் காசு திருப்பித் தருகிறார்கள், அதற்கு பில் கேட்கிறார்கள். பேர், முகவரி, நம்பர் போட்டு நூறு தாள் புத்தகம் அச்சடித்தேன். அந்த மாதத்திலிருந்து ஒருவரும் பேரம் பேசவில்லை. ஒன்பது வருடம் சோறு ஊட்டி வராத மரியாதை ஒரு கார்பன் தாளில் வந்துவிட்டது.

17 ஜூன்

நானூறு ரூபாய் அச்சுக் கூலி. இல்லை, ஐந்நூறு. கேட்டவருக்காக.

3 ஆகஸ்ட்

ஒருவர் பிடித்துவிட்டார். "ஊருக்கெல்லாம் சொன்னீர்களே, நீங்கள் இந்த ஜூனில் ஏற்றினீர்களா?"

ஏற்றவில்லை. ஏப்ரலில் சொல்ல வேண்டியது, இங்கே எழுதிக்கொண்டே மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய். இரண்டு பேர் வேலை போகும் என்று பயத்தில் இருந்தார்கள், ஐடியில் இந்த வருடம் அப்படி. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளிப் போட்டேன். இதற்கிடையில் ஆயாவுக்கு ஜூலையிலிருந்து 12,000.

நேற்று எழுதினேன். அக்டோபர் 1 முதல் முழுநாள் 7,200, ஏழரை வரை வேண்டுமென்றால் 1,500. புதுசாகச் சேர்கிறவர்களுக்கு விஜயதசமியிலிருந்து 7,500. வேலை விஷயமாகச் சிரமம் இருக்கிறவர்கள் நேரில் பேசலாம் என்று கடைசி வரி. அந்த வரியை மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை போட்டேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு ஆளுக்கு ஆள் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்துவிட்டுக் குக்கர் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாலு கட்டைவிரல். ஐந்தாவது ஆள், வேலை போகும் என்று பயந்தவர்களில் ஒருத்தி, டைப்பிங் என்று காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது: "ஓகே ஆன்ட்டி. திங்கக்கிழமை பேசறேன். அப்புறம் நாளன்னிக்கு அவனுக்கு இட்லி வேணாம், வயிறு சரியில்ல, ரசம் சாதம் மட்டும் குடுங்க."